அறுபதாயிரம் ரூபாய் விரதம்

ஏற்காட்டில் காபி விளைகிறது, மிளகு விளைகிறது, ஆரஞ்சும் பலாவும் விளைகின்றன. நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்றால் மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டும். அங்கே விலை படியாவிட்டால் சென்னை ரிச்சி தெரு. அதுவும் ஒத்துவராவிட்டால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, கூரியர் மலையேறும் வரை காத்திருக்க வேண்டும்.

காபிப் பழம் பறித்து முடித்துக் கணக்குத் தீர்க்கும் தை, மாசி மாதங்களில், நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை யூடியூபில் ஊறிக் கிடந்து ஒரு பட்டியலோடு சேலத்தில் போய் இறங்குகிறான். கடைக்காரர் பட்டியலைப் பார்க்கிறார். "தம்பி, இன்னும் ஒரு மூவாயிரம் போட்டீங்கன்னா அடுத்த மாடலே வந்துடும்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, சிக்கலே அதுதான். அந்த மூவாயிரத்துக்கு உண்மையாகவே வேகம் கூடுகிறது. அதற்கு மேல் நாலாயிரம் போட்டால் இன்னொரு மாடல். இப்படி ஒவ்வொரு படிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாப் படியையும் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சம் தாண்டியிருக்கிறது.

எங்கே நிறுத்துவது, யார் சொல்லி நிறுத்துவது? கடைத்தெருவில் எழும் இந்தக் கேள்விக்கு நம் ஊரில் சட்டென்று கிடைக்கும் பதில், ஆசையைக் குறை என்பது. திருக்குறளின் 'அவா அறுத்தல்' அதிகாரத்தையும் உடனே துணைக்கு இழுப்பார்கள். அந்த அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறவனுக்கான பாடத்தை, கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் வாங்கக் கடையில் நிற்கிறவனிடம் சொல்லிப் பயனில்லை. வாங்கத்தான் போகிறான், எவ்வளவு என்பதுதான் அவன் கேள்வி.

இந்தக் கேள்வியை இல்லறத்தானின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு நுணுகி நுணுகிப் பார்த்தவர்கள் சமணர்கள். துறவிக்கு உடைமையே கூடாது என்றவர்கள், இல்லறத்தாருக்கு வேறு வழி வைத்தார்கள். ஐந்து அணுவிரதங்களில் ஐந்தாவது அது. நிலம், வீடு, பொன், வெள்ளி, மாடு, தானியம், பாத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவை அவனே முன்கூட்டி அறிவித்துவிட வேண்டும். அதற்கு மேல் விருப்பம் வைக்கக் கூடாது. காஞ்சியோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் சமந்தபத்திரர், இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பொருளுக்கு இடும் அளவு ஆசைக்கு இடும் அளவுதான் என்கிறார். இல்லறத்தாருக்கான இத்தகைய ஒழுக்கங்களைத் தமிழில் குறள் வெண்பாக்களாகச் சொல்லும் நூல் அருங்கலச்செப்பு.

எவ்வளவு என்று நூல் சொல்வதில்லை. அதுதான் இந்த விரதத்தின் விசேஷம். சமண ஆகமங்களில் ஒன்றான உபாசகதசையில் ஆனந்தன் என்ற பெருஞ்செல்வர் மகாவீரர் முன் விரதம் ஏற்கிறார். பன்னிரண்டு கோடிப் பொன்; பத்தாயிரம் பத்தாயிரமாக நான்கு மந்தை பசுக்கள்; ஐந்நூறு ஏர்கள். இவ்வளவு போதும், இதற்கு மேல் வேண்டாம் என்கிறார். படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் பட்டியல் அங்கே நிற்காமல் குளித்த பின் துவட்டும் துண்டு எது, பல் துலக்கும் குச்சி எந்தச் செடியுடையது, எந்தப் பழம் மட்டும் என்று ஒவ்வொன்றாக இறங்குகிறது. இன்றைய கேமிங் கம்ப்யூட்டர் பட்டியலின் தோரணை அப்படியே இருக்கிறது. செல்வர் ஏழையாகிவிடவில்லை. இனி எந்த வியாபாரியும் அவரிடம் வந்து "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா" என்று ஆரம்பிக்க முடியாது, அவ்வளவுதான்.

விரதம் என்று ஒன்று வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியும் வரும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் இந்தத் தில்லுமுல்லுகளைப் பட்டியலே போட்டுவிட்டார். ஒரே வீடு என்று விரதம் ஏற்றவன் பக்கத்து வீட்டையும் வாங்கி, நடுச்சுவரை இடித்துவிட்டு, இப்போதும் ஒரே வீடுதான் என்பான். அளவுக்கு மேல் வந்த பொருளை விரதக் கெடு முடியும்வரை வேறொருவர் கையில் கொடுத்துவைப்பான். இரண்டுமே மீறல்கள். அறுபதாயிரத்துக்குள் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டதாகச் சொல்பவர்களிடம் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மானிட்டர் தனிக் கணக்கு. கீபோர்டும் மவுஸும் பிறந்தநாளுக்கு அண்ணன் வாங்கித் தந்தது. யுபிஎஸ் வீட்டுச் செலவு. கேம்களின் விலை எந்தக் கணக்கிலும் இல்லை. நடுச்சுவர் எப்போதோ இடிந்துவிட்டது.

அளவை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கையிலிருக்கும் பணத்திலிருந்து தொடங்குகிறார்கள், அல்லது சந்தையில் புதிதாக வந்திருப்பதிலிருந்து. தொடங்க வேண்டிய இடம் மானிட்டர். 1920-க்கு 1080 என்ற சாதாரண முழு எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. விளையாட்டின் ஒவ்வொரு காட்சிக்கும் கிராபிக்ஸ் கார்டு இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு நொடிக்கு அறுபது முறைதான் படத்தை மாற்றும். கார்டு இருநூறு காட்சிகளைத் தயாரித்துக் கொடுத்தாலும் முக்கால்வாசி கண்ணுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. துப்பாக்கி விளையாட்டுகளில் போட்டிக்கு ஆடுகிறவர்களுக்குக் கை அசைவுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் கொஞ்சம் குறையும். மற்றவர்களுக்கு அது மின்கட்டணம். கேம்கள் விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் முழு எச்டி திரையில்தான் ஆடுகிறார்கள். அந்தத் திரைக்கு, 2023 ஜூனில் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4060 வகைக் கார்டு தாராளம். அது இழுப்பது 115 வாட். அதே தலைமுறையின் உச்சியிலிருந்த 4090 இழுப்பது 450 வாட். வாலரன்ட் என்ற துப்பாக்கி விளையாட்டை மட்டும் ஆடுகிறவருக்கு 4060-கூட அதிகம். தனிக் கார்டு இல்லாமல், உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரே அதை ஓட்டிவிடும். கார்டைப் பிறகு ஒரு வருடம் கழித்துக்கூட வாங்கிச் செருகலாம்.

இடமும் அளவைத் தீர்மானிக்கும். கோடையில் சேலம் நாற்பது டிகிரியைத் தொடும்போது ஏற்காட்டில் முப்பதைத் தாண்டுவதே அரிது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏற ஆரம்பிக்கிறது. அறை பத்து டிகிரி குளிர்ந்தால் பிராசஸரும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி குளிரும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விடச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு, ஆகவே ஃபேன் தள்ளும் காற்று சுமந்து செல்லும் வெப்பமும் குறைகிறது. இருந்தும் மலைக்குளிர் இந்த நஷ்டத்தை ஈடுகட்டி மிச்சமும் வைக்கிறது. தண்ணீரால் குளிர்விக்கும் கூலருக்குச் சேலத்துக்காரர் ஒரு காரணமாவது சொல்லலாம். ஏற்காட்டுக்காரருக்கு அது அலங்காரம். அந்தப் பணத்துக்கு அவர் நல்ல யுபிஎஸ் ஒன்று வாங்கி, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லலாம். மலையில் இடிமழை விளையாட்டுக்காரனைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை.

போதும் என்று சொல்வதற்கும் மட்டமானதை வாங்குவதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. சமந்தபத்திரர் இந்த விரதத்தின் மீறல்களாகச் சொல்லும் ஐந்தில் ஒன்று, தாங்க முடியாத பாரத்தை ஏற்றுவது. அவர் நினைத்தது மாட்டை. பெட்டியின் மேல் ஐந்நூறு வாட் என்று அச்சடித்துவிட்டு, அதில் பாதிக்கே மூச்சு வாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை அவர் பார்த்ததில்லை. பட்டியலில் காசு மிச்சப்படுத்த வேண்டும் என்றதும் முதலில் வெட்டு விழுவது இதன் மேல்தான், ஏனென்றால் விளையாட்டின் வேகத்தை அது ஒரு துளியும் கூட்டுவதில்லை. கெட்டுப்போகும்போது தன்னோடு மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடியதும் அதுதான். '80 பிளஸ்' என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. 4060 கார்டும் 65 வாட் பிராசஸரும் கொண்ட பெட்டிக்குப் பெயர் சொல்லும்படியான 500 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஏராளம். இங்கே ஆயிரம் ரூபாயைக் குறைத்து, வண்ண வண்ணமாக ஒளிரும் ஃபேனுக்குக் கொடுப்பது எந்தச் சமயத்திலும் புண்ணியக் கணக்கில் வராது.

அந்த ஐந்து மீறல்களில் இன்னொன்று வியப்பு. பிறருக்கு வாய்த்ததைக் கண்டு வாய் பிளந்து மனம் தடுமாறுவதையும் அவர் குற்றமாகச் சேர்த்திருக்கிறார். ஏழெட்டு லட்சம் ரூபாய்ப் பெட்டியைத் திறந்து காட்டும் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பதற்கு இவ்வளவு பொருத்தமான விளக்கத்தை இன்றைய விளம்பரத் துறையாலும் தர முடியாது.

நவீனப் பொருளாதாரமும் வேறு வழியில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்தது. 1978-ல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1956-ல் எழுதிய கட்டுரையில், எல்லா வாய்ப்புகளையும் ஒப்பிட்டு மிகச் சிறந்ததைத் தேர்வதை உயிர்கள் செய்வதில்லை என்று காட்டினார். தேவைக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டு, அதை எட்டும் பொருள் கிடைத்ததும் தேடலை நிறுத்துகின்றன. மூன்று மாதமாக விலை ஒப்பிட்டுக்கொண்டு இன்னும் ஒரு ஸ்க்ரூகூட வாங்காத இளைஞர்களுக்கு சைமனை அறிமுகம் செய்துவைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் வேறு. சைமன் நிறுத்தச் சொல்வது மனித அறிவுக்கு எல்லை இருப்பதால். சமணர் நிறுத்தச் சொல்வது ஆசைக்கு எல்லை இல்லாததால். சமணரின் காரணமே கடையில் நிற்கிறவனுக்கு அதிகம் உதவும். அவனுக்குத் தகவல் போதாமல் இல்லை. தகவல்தான் அவனைப் படியேற்றிக்கொண்டே போகிறது.

அளவை ரூபாயில் வைக்க வேண்டுமா, பயனில் வைக்க வேண்டுமா? ஆனந்தன் பொன்னைக் கோடியில் எண்ணினார். மற்றதையெல்லாம் பசுவிலும் ஏரிலும் எண்ணினார். 2025-ன் கடைசி மாதங்களில் நடந்ததைப் பார்த்தால் அந்த முறையின் அருமை புரியும். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதில், ராம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் குருஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. ரூபாயில் மட்டும் விரதம் வைத்தவன் இங்கே நிலைகுலைவான். முழு எச்டி திரையில் இன்ன விளையாட்டு, நொடிக்கு அறுபது காட்சி என்று பயனில் அளவு வைத்தவன், 32 ஜிபி வேண்டாம், எட்டும் எட்டுமாக 16 ஜிபி போதும் என்று அமைதியாக இறங்கி வர முடியும். டிடிஆர்5 கேட்கும் புதிய மேடையை விட்டுவிட்டு, பழைய டிடிஆர்4 ராம் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதற்கேற்ற ஏஎம்4 மதர்போர்டுக்குப் போக முடியும்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஒரு தேதியை அறிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டது. அதைத் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு அன்றோடு வேலை போனது. அவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த கார்டை வாங்குவதில் ஆபத்து உண்டு. ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும். கண்ணெதிரில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. ஆனால் சமணக் கண்ணோட்டத்தில் பழைய பொருளுக்கு ஒரு பெருமை இருக்கிறது. உடைமையை அவர்கள் கட்டுப்படுத்தச் சொன்னதன் வேர் கொல்லாமையில் இருக்கிறது. ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் எங்கோ மண்ணும் நீரும் உயிரும் துன்புறுகின்றன என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கை விளக்க ஏற்காட்டுக்காரர் வெளியூர் போக வேண்டியதில்லை. மலைக்குப் பெயர் தந்த சேர்வராயன் உச்சியில் குகைக் கோயில் கொண்டிருக்கிறார், காவேரியம்மனோடு. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் திரண்டு வருகிறார்கள். அதே மலைத்தொடரின் மேற்பரப்பை வெட்டித்தான் பல்லாண்டுகள் பாக்சைட் எடுத்தார்கள். மேட்டூரில் மால்கோ ஆலை அதை அலுமினியமாக்கியது. கிராபிக்ஸ் கார்டின் மேல் அடுக்கடுக்காக நிற்கும் ஹீட் சிங்க், பிராசஸர் கூலரின் தகடுகள், கேபினட்டின் சில பாகங்கள் எல்லாமே அலுமினியம். அவை எந்த மலையிலிருந்து வந்தவை என்று கேபினட்டில் எழுதியிருக்காது. ஏதோ ஒரு மலையிலிருந்து வந்தவை.

இன்னொரு கேள்வியைச் சமணர் கேட்காமல் விடமாட்டார். எதற்காக இந்தப் பெட்டி? ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தில், உயிர்ப்பலி கொடுக்க மனமில்லாத அரசன், தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியை வெட்டிப் பலியிடுகிறான். வெட்டுப்பட்டது மாவுதான். ஆனாலும் அந்த வினை அவனையும் தாயையும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல பிறவிகளுக்கு இழுத்துச் செல்கிறது. திரையில் இரவு முழுக்கச் சுட்டுத் தள்ளுகிறவர்கள் அந்தக் கதையைக் கேட்டால் கொஞ்சம் நெளிவார்கள். நெளியத் தேவையில்லை என்று வாதாட இடம் உண்டு. அரசன் பலியாக நினைத்தே வெட்டினான். தெய்வமும் அப்படியே ஏற்கும் என்று நம்பினான். விளையாடுகிறவன் எதிரே இருப்பது ஆட்டம் என்று அறிந்தே ஆடுகிறான். சுடப்பட்ட நண்பன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்து அவனைச் சுடுகிறான். எண்ணம்தான் வினை என்றால் இரண்டும் ஒன்றாகாது. இந்த வாதம் எல்லா விளையாட்டுக்கும் செல்லுமா என்றால், செல்லாது. வதைப்பதையே இன்பமாகக் காட்டும் சில விளையாட்டுகளுக்கு முன் யசோதரனின் மாக்கோழி கொஞ்சம் பலமாகவே கூவும்.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு நியாயம் பாக்கி இருக்கிறது. அளவு வைப்பது விரதமாக வேண்டுமென்றால் வைப்பவன் அதற்கு மேல் வாங்கக்கூடியவனாக இருக்க வேண்டும். தோட்டக் கூலியில் நடக்கும் வீட்டில் அறுபதாயிரம் என்பது கனவு. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போதும் என்ற மனம் வேண்டும் என்று உபதேசிப்பது வன்மம். 2011-ல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, ஓசியில் கொடுத்துக் கெடுக்கிறார்கள், பிள்ளைகள் கேம்தான் ஆடுவார்கள் என்று பேசியவர்கள் உண்டு. ஆடினார்கள்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எத்தனையோ கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அங்கே விளையாட்டும் படிப்பும் ஒரே கீபோர்டில் கற்கப்பட்டன. குறைந்தபட்சம் இவ்வளவாவது எல்லாருக்கும் என்று ஒரு சமூகம் கீழ் எல்லை வகுத்த பிறகுதான், மேல் எல்லையைப் பற்றித் தனிமனிதனிடம் பேசுவதற்கு அருகதை வருகிறது.

அறுபதாயிரம் கையில் இருப்பவர் விரதத்துக்குக் கெடுவும் வைத்துக்கொள்ளலாம். ஆயுள் முழுக்கத்தான் என்றில்லை, குறித்த காலத்துக்கும் விரதம் ஏற்கும் வழக்கம் சமணத்தில் உண்டு. கம்ப்யூட்டருக்கு மூன்று வருடம் நியாயமான கெடு. பொறுத்திருந்தால் பலன் உண்டு என்பதற்கு ஏஎம்4 சாட்சி: 2017-ல் வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை பொருத்த முடிந்தது. இடையில் வந்த மாடல்களுக்கெல்லாம் ஓடாமல் இருந்தவர்களுக்கே அதன் முழுப் பலனும் போய்ச் சேர்ந்தது.

கிராபிக்ஸ் கார்டுகளுக்கு இங்கே பொதுவாகக் கிடைக்கும் உத்தரவாதமும் மூன்று வருடம்தான். ஆகவே சேலத்தில் வாங்குகிறவர்கள் கடையிலேயே பூட்டச் சொல்லி, ஒரு விளையாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு ஏற்காடு பஸ் ஏறுங்கள். பில் இல்லாவிட்டால் ஐந்நூறு, ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.